பதில் சொல்லிவிட்டு மூடுங்கள்: நம் எடிட்டரின் பராமரிப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பராமரிப்புக் குழுவினருக்கு,

நிரல் எழுதப் பயன்படும் நம் எடிட்டரில், அடிக்கும்போதே பெயர்களைப் பரிந்துரைக்கும் ஆட்டோகம்ப்ளீட் பகுதிக்காக அனுப்பப்பட்டு, உங்கள் ரிவ்யூவுக்குக் காத்திருந்த புல் ரெக்வெஸ்டுகள் (நிரலில் சேர்க்கக் கோரி அனுப்பும் திருத்தங்கள்) அத்தனையையும் சென்ற வாரம் ஒரு பாட் (தானியங்கி நிரல்) மூடிவிட்டது. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரே வாசகம்: சில காலமாக இதில் அசைவு எதுவும் இல்லை, அதனால் மூடப்படுகிறது, பங்களிப்புக்கு நன்றி. மூடப்பட்டவற்றில் என்னுடையவை உண்டு. நான் பெரிதும் மதிக்கிற வேறு சிலருடையவையும் உண்டு. இந்த முடிவை எடுக்கும் முன் எங்களில் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எடுத்த பிறகும் விளக்கம் வரவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

அசைவு இல்லை என்பது உண்மைதான். ஆனால் அசைய வேண்டியது யார்? எங்கள் பக்கம் டெஸ்ட் எல்லாம் பச்சையாக, அதாவது தேறியதாக, இருந்தது. கேட்ட மாற்றங்களைச் செய்து முடித்திருந்தோம். நிரலின் முதன்மைப் பிரதியான மெயின் கிளையோடு முரண்பட்டபோதெல்லாம் ரீபேஸ் செய்து, அதாவது அதன் புதிய நிலைக்குப் பொருத்தி, மறுபடி ஏற்றினோம். அடுத்து நடக்க வேண்டியது உங்கள் ரிவ்யூ மட்டும்தான். அதற்காகக் காத்திருந்தவர்களைப் பார்த்து "நீங்கள் அசையவில்லை" என்று ஒரு பாட்டை விட்டுச் சொல்ல வைத்திருக்கிறீர்கள். இதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

மூடப்பட்டவற்றில் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். என்ன போயிற்று என்பது அப்போதுதான் புரியும்.

நம் எடிட்டர் பரிந்துரைப் பட்டியலை லாங்குவேஜ் சர்வரிடமிருந்து, அதாவது நிரலைப் படித்து எந்தப் பெயர்கள் பொருந்தும் என்று சொல்லும் தனி மென்பொருளிடமிருந்து, வாங்குகிறது. 2016-ல் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹாட், கோடென்வி மூன்றும் சேர்ந்து அறிவித்த லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால்தான் (எடிட்டரும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிமுறை) இதற்கு அடிப்படை. அதற்கு முன்பெல்லாம் ஒவ்வொரு எடிட்டரும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாக ஆட்டோகம்ப்ளீட் எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது ஒரு மொழிக்கு ஒரு சர்வர் இருந்தால் போதும், அந்தப் புரோட்டோகால் தெரிந்த எந்த எடிட்டரும் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். நம்முடையதைப் போன்ற சிறிய திட்டம் பெரிய நிறுவனங்களின் எடிட்டர்களோடு ஈடுகொடுத்து நிற்கிறதென்றால் அதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

அந்தப் பட்டியலோடு ‘இஸ்இன்கம்ப்ளீட்’ என்று ஒரு சின்னத் தகவலும் வரும். அதன் மதிப்பு ‘ட்ரூ’ என்றிருந்தால், "இது முழுப் பட்டியல் அல்ல, பயனர் அடுத்த எழுத்தை அடித்ததும் என்னிடம் மறுபடி கேள்" என்று சர்வர் சொல்வதாக அர்த்தம். ஆயிரக்கணக்கான பெயர்கள் உள்ள ஒரு ப்ராஜெக்டில் ஒரே ஒரு எழுத்து அடித்ததும் எல்லாவற்றையும் அள்ளி அனுப்ப முடியாது. அதனால் சர்வர் கொஞ்சத்தை அனுப்பிவிட்டு இதைச் சேர்த்துச் சொல்லிவிடும். நம் எடிட்டர் அதைப் பார்ப்பதே இல்லை. முதலில் வந்த பட்டியலையே கையில் வைத்துக்கொண்டு, அடுத்தடுத்து வரும் எழுத்துகளைக் கொண்டு அதற்குள்ளேயே வடிகட்டிக்கொண்டிருக்கிறது. தேடுகிற பெயர் அந்த முதல் பட்டியலில் இல்லையென்றால், முழுப் பெயரையும் அடித்து முடித்தாலும் அது வராது.

இது பயனருக்கு எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். தான் நேற்று எழுதிய ஒரு ஃபங்ஷனின் பெயரை அடிக்கிறார். மூன்றாவது எழுத்தில் பட்டியல் சுருங்குகிறது, நான்காவதில் காலியாகிவிடுகிறது. சரி, வேறு பெயர் வைத்திருப்போம் போல என்று அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கிறார். பெயர் அதேதான். திரும்பி வந்து எஸ்கேப் அடித்து, கண்ட்ரோல்-ஸ்பேஸ் அடித்தால் இப்போது வருகிறது. சர்வரிடம் புதிதாகக் கேட்டதால் வந்தது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. சர்வரில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, அதைப் பராமரிப்பவர்களிடம் போய் பக் எழுதுகிறார். அவர்கள் தங்கள் பக்கம் தேடித் தேடிப் பார்த்துவிட்டு ஒன்றும் கிடைக்காமல் மூடுகிறார்கள். நம் எடிட்டரின் குறைக்காக வேறொரு திட்டத்தின் தன்னார்வலர்கள் தங்கள் ஓய்வு நேரத்தை இழந்திருக்கிறார்கள். அப்படி எழுதப்பட்ட பக்குகளை நான் படித்திருக்கிறேன். அதனால்தான் இதைச் சரிசெய்ய உட்கார்ந்தேன்.

திருத்தம் பெரியது அல்ல. பட்டியல் முழுமையில்லை என்று சர்வர் சொன்னால் அடுத்த எழுத்தில் மறுபடி கேட்க வேண்டும். முந்தைய கேள்விக்கு விடை இன்னும் வராமலிருந்தால் அதை ரத்து செய்ய வேண்டும். தாமதமாக வந்து சேரும் பழைய விடை, புதிய பட்டியலைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசியில் சொன்னதுதான் கடினம். வேகமாக அடிப்பவர் விஷயத்தில் இரண்டு மூன்று கேள்விகள் ஒரே நேரத்தில் போய்க்கொண்டிருக்கும், விடைகள் எந்த வரிசையிலும் வரலாம். நிரலைவிட அதன் டெஸ்டை எழுதத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. வேண்டுமென்றே தாமதித்தும் வரிசை மாற்றியும் விடை அனுப்பும் ஒரு போலி சர்வரை எழுதி, ஒவ்வொரு சேர்க்கையாக ஓட்டிப் பார்த்தேன். ஆரம்பத்தில் உங்களில் ஒருவர் வந்து, இரண்டு விடைகளுக்கு நடுவே பட்டியல் ஒரு கணம் மறைந்து தோன்றுகிறது என்று சுட்டிக்காட்டினார். நல்ல கவனிப்பு. புதிய விடை வரும்வரை பழைய பட்டியலையே வடிகட்டிக் காட்டும்படி மாற்றி, அன்றைக்கே ஏற்றினேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்துக்கு வந்தது பாட் மட்டும்தான்.

இன்னொன்று என்னுடையது இல்லை. ஆங்கிலம் அல்லாத எழுத்துகள் உள்ள வரிகளில் பரிந்துரை தவறான இடத்தில் போய் விழும் குறைக்கான திருத்தம் அது. யூனிகோட் எழுத்துகளைக் கணினியில் குறிக்க யுடிஎஃப்-8, யுடிஎஃப்-16 என்று வெவ்வேறு முறைகள் உண்டு. வரியில் கர்சர் எங்கே நிற்கிறது என்பதைப் புரோட்டோகால் வழக்கமாக யுடிஎஃப்-16 அலகுகளில் எதிர்பார்க்கிறது. நம் எடிட்டர் உள்ளுக்குள் யுடிஎஃப்-8 பைட்டுகளில் எண்ணுகிறது, சில இடங்களில் மாற்றாமல் அப்படியே அனுப்பிவிடுகிறது. "முகவரி" என்ற ஸ்ட்ரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு 4 எழுத்து. உகரக் குறியும் இகரக் குறியும் யூனிகோடில் தனியாக எண்ணப்படுவதால் யுடிஎஃப்-16-ல் 6 அலகு. யுடிஎஃப்-8-ல் அவை ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 18. அந்த ஸ்ட்ரிங்குக்குப் பிறகு அதே வரியில் ஒரு புள்ளி வைத்துப் பரிந்துரை கேட்டால், சர்வர் 12 இடம் தள்ளிப் போய்ப் பார்க்கிறது. அங்கே வேறொரு பெயரின் நடுப்பகுதி இருக்கலாம், அல்லது வரியே முடிந்திருக்கலாம். அந்த இடத்துக்கான பரிந்துரையைத்தான் நாம் பார்க்கிறோம். ஏற்றுக்கொண்டால் வரி சிதைகிறது.

தமிழுக்கு மட்டும் வரும் சிக்கல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஜப்பானியம், தாய், அரபி என்று தன் மொழியில் ஒரு ஸ்ட்ரிங் எழுதுகிற எவரும் இதில் மாட்டுவார். 2022-ல் வந்த புரோட்டோகாலின் 3.17 பதிப்பில், எந்த அலகில் எண்ணுவது என்பதை எடிட்டரும் சர்வரும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ள வழி வந்துவிட்டது. அந்தப் பங்களிப்பாளர் அதையும் எழுதியிருந்தார், அந்த வசதி இல்லாத பழைய சர்வர்களுக்காகக் கணக்கை மாற்றிக் கொடுக்கும் பகுதியையும் எழுதியிருந்தார். நான் பார்த்தவரை நம் நிரல் களஞ்சியத்துக்கு வந்த மிக நேர்த்தியான திருத்தங்களில் அது ஒன்று.

மூன்றாவது, பார்வையற்ற ஒரு நிரலாளர் அனுப்பியது. பட்டியல் திறந்துவிட்டது, தேர்வு இந்த வரியில் நிற்கிறது என்பதை, திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடருக்குத் தெரிவிக்கும் திருத்தம். இன்றைக்கு அவர் என்டர் அடித்தால் புது வரி வருமா, அவர் கேட்காத ஏதோ ஒரு பெயர் நுழையுமா என்று அவருக்குத் தெரியாது. அதனால் ஆட்டோகம்ப்ளீட்டையே அணைத்து வைத்துவிட்டு வேலை செய்கிறார். தனக்கு வேண்டியதைத் தானே எழுதி, எல்லோருக்கும் பயன்படட்டும் என்று அனுப்பினார். அவருக்கும் அதே வாசகம், அதே நன்றி.

பாட்டின் அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தேன். 60 நாள் அசைவில்லை என்றால் ‘ஸ்டேல்’ (பழையதாகிவிட்டது) என்ற லேபிள், அப்புறம் 7 நாளில் மூடல். நாம் எதுவும் குறிப்பிடாவிட்டால் நம் நிரல் இருக்கும் கிட்ஹப் தளத்தின் தானியங்கிக் கருவியான ஸ்டேல் ஆக்‌ஷன் தானாக எடுத்துக்கொள்ளும் எண்கள் இவை. அதாவது, நம் திட்டத்தில் ஒரு ரிவ்யூவுக்கு உண்மையில் எவ்வளவு காலம் ஆகிறது என்று யோசித்து யாரும் இந்த எண்களை வைக்கவில்லை. அதே ஆக்‌ஷனில், குறிப்பிட்ட லேபிள் உள்ளவற்றைத் தொடாதே என்று சொல்லலாம். லேபிள் மட்டும் போடு, மூடாதே என்றும் சொல்லலாம், மூடும் நாள் எண்ணிக்கைக்கு -1 என்று கொடுத்தால் போதும். இரண்டையும் செய்யவில்லை.

யாராவது ஒரு வரி எழுதினால் லேபிள் நீங்கிவிடுமே என்று கேட்கிறவர்கள் உண்டு. நீங்கும். அப்படியானால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் வந்து "இன்னும் இருக்கிறேன்" என்று எழுதிவிட்டுப் போக வேண்டும். உங்கள் அறிவிப்புகள் பெருகும், எங்கள் சுயமரியாதை குறையும், நிரல் ஒரு வரிகூட மேம்படாது. விடாமல் நச்சரிப்பவரின் திருத்தம் உயிரோடு இருக்கும், தொந்தரவு கொடுக்க வேண்டாமே என்று ஒதுங்கி நிற்பவரின் திருத்தம் மூடப்படும். நான் மேலே சொன்னவர்கள் எல்லோரும் ஒதுங்கி நின்றவர்கள்.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியாமல் இல்லை. நீங்கள் சிலரே. பெரும்பாலானோர் சம்பளம் இல்லாமல் இதைச் செய்கிறீர்கள். 2020 அக்டோபரில் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற திறமூலப் பங்களிப்பு விழா நடந்தபோது ஒரு டி-ஷர்ட்டுக்காகத் திறமூலத் திட்டங்களில் குப்பையான புல் ரெக்வெஸ்டுகள் குவிந்தன. விருப்பம் தெரிவிக்கும் திட்டங்கள் மட்டும் சேரலாம் என்று நடுவிலேயே விதியை மாற்ற வேண்டி வந்தது. இப்போது ஏஐ மொழி மாதிரிகளை வைத்து எழுத வைத்து, தாமே ஒருமுறைகூடப் படித்துப் பார்க்காமல் அனுப்புகிறவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். அந்தக் குவியலுக்குள் உருப்படியான ஒன்றைத் தேடுவது எவ்வளவு அலுப்பான வேலை என்பது இஷ்யூக்களை (பயனர்கள் பதியும் குறைகளையும் கோரிக்கைகளையும்) தரம் பிரிக்கக் கைகொடுத்த எனக்கும் தெரியும்.

அதைவிடக் கனமான காரணம் ஒன்று 2024 மார்ச்சில் வெளிவந்தது. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளை ஏறக்குறையத் தனியாளாக ஒருவர் பராமரித்து வந்தார். ஆண்டுக்கணக்கில் ஒழுங்கான திருத்தங்களை அனுப்பி அவருடைய நம்பிக்கையைப் பெற்ற ஒரு முகம் தெரியாத நபர், பராமரிப்பு உரிமையையும் பெற்று, அதில் ரகசியமாக உள்ளே புக வழி தரும் பின்வாசல் ஒன்றை நுழைத்தார். முன்னதாக வேறு சில பெயர்களில் வந்தவர்கள், ஏன் இவ்வளவு தாமதம், இன்னொருவரைச் சேர்த்துக்கொள் என்று அந்தப் பராமரிப்பாளரை நெருக்கியிருந்ததும் பிறகு தெரிந்தது. தொலைவில் உள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை வினாடி இழுக்கிறதே என்று ஒரு பொறியாளர் நோண்டிப் பார்த்ததால்தான் விஷயம் பிடிபட்டது. அதற்குப் பிறகு, சீக்கிரம் பாருங்கள் என்று யார் சொன்னாலும் உங்களுக்குச் சந்தேகம் வருவது நியாயமே.

ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என் திருத்தத்தை மெர்ஜ் செய்யுங்கள், அதாவது நிரலில் சேருங்கள், என்று நான் கேட்கவில்லை. யாருக்கும் கமிட் உரிமை (நிரலை நேரடியாக மாற்றும் உரிமை) கொடுக்கவும் சொல்லவில்லை. பதில் கேட்கிறேன். "இது வேண்டாம்" என்று சொல்லுங்கள். "இந்த வடிவத்தில் வேண்டாம்" என்று சொல்லுங்கள். "இந்தப் பகுதியையே மாற்றி எழுதப் போகிறோம், அதுவரை எதையும் எடுக்க மாட்டோம்" என்றோ, "இதைப் பார்க்கத் தெரிந்தவர் இப்போது எங்களிடம் இல்லை" என்றோ சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வேன், என் வேலையைப் பார்த்துக்கொண்டு போவேன். எக்ஸ்இசட்டிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது: அங்கே பலவீனமாக இருந்தது, களைத்துப்போன ஒரே ஒருவரின் தோளில் எல்லாமே இருந்த நிலைமை. பல ஆண்டுகளாகப் பழகி, நிரல் தெரிந்து, வெளிப்படையாக வேலை செய்கிறவர்களை விரட்டிவிட்டால் நாமும் அந்த நிலைமைக்குத்தான் போய்ச் சேருவோம்.

களஞ்சியத்தின் முகப்பில் பங்களிப்புகளை வரவேற்கிறோம் என்ற வரி இன்னும் இருக்கிறது. பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் எங்களை உள்ளே விடுகிறீர்கள். ‘முதல்முறை பங்களிப்போருக்கு ஏற்றது’ என்ற லேபிள் ஆட்டோகம்ப்ளீட் இஷ்யூக்களில் இன்றும் ஒட்டியிருக்கிறது. அந்த லேபிளைப் பார்த்து வந்த ஒரு மாணவிக்கு நான் வழிகாட்டினேன். பரிந்துரையை ஏற்கும்போது பெயரும் நுழைகிறது, கோப்பின் தலையில் அந்தப் பெயரை வரவழைக்கும் இம்போர்ட் வரியும் சேர்கிறது. ஆனால் அண்டூ செய்தால் பெயர் மட்டும் போகிறது, இம்போர்ட் வரி அப்படியே நிற்கிறது. இரண்டையும் ஒரே செயலாகக் கட்ட வேண்டும், அதுதான் அவர் எடுத்துக்கொண்ட வேலை. அண்டூ வரலாறு எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பதைப் பொறுமையாகப் படித்துப் புரிந்துகொண்டு, சுத்தமாக எழுதி, டெஸ்டோடு அனுப்பினார். யாரும் ஒரு வரி எழுதவில்லை. பாட் மூடியது. நான் விசாரித்தபோது, "பரவாயில்லை அண்ணா, என் கோட் சரியில்லை போல" என்றார். சரியாகத்தான் இருந்தது, நான் வரி வரியாகப் பார்த்திருக்கிறேன். அதை நான் சொல்லி அவர் நம்பவில்லை. உங்கள் வாயிலிருந்து வர வேண்டிய சொல் அது. அவர் இப்போது வேறு எதற்கும் திருத்தம் அனுப்புவதில்லை.

ஆட்டோகம்ப்ளீட்டுக்கு இனி அவ்வளவு முக்கியத்துவம் தேவையில்லை, மொழி மாதிரிகள் முழு வரியையே எழுதித் தருகின்றனவே என்ற எண்ணம் குழுவில் சிலருக்கு இருப்பது அடுத்த வெளியீடுகளுக்கான உங்கள் திட்ட வரைவிலிருந்து தெரிகிறது. நானும் அவற்றைப் பயன்படுத்துகிறேன். ஆனால் அவை அனுமானிக்கின்றன. இல்லாத ஃபங்ஷனை இருப்பதுபோல எழுதித் தருவதும் உண்டு. லாங்குவேஜ் சர்வர் நம் ப்ராஜெக்டைப் படித்து, இந்தப் பொருளுக்கு இந்த மெதட்கள்தான் உண்டு என்று உறுதியாகச் சொல்கிறது. இணையம் இல்லாத இடத்திலும் சொல்கிறது, நிரலை வெளியே எங்கும் அனுப்பாமல் நம் கணினியிலேயே சொல்கிறது. மாதிரி எழுதித் தந்த வரி சரியா என்று பார்க்கவே இதன் உதவி வேண்டும். அந்தத் திசையில்தான் போகப் போகிறீர்கள் என்றால், அதையும் வெளிப்படையாக எழுதுங்கள். வாதிடுவோம். ஒரு கொள்கை முடிவைப் பாட்டின் வேலையாக மாற்றி நடத்தாதீர்கள்.

கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதை நான் மறுக்கவே இல்லை. எஸ்க்யூலைட்டைப் பாருங்கள். உலகில் மிக அதிகமாகப் பயன்படும் தரவுத்தள எஞ்ஜின்களில் ஒன்று. இது திறமூலம்தான், ஆனால் திறந்த பங்களிப்புக்கு உரியதல்ல என்று அவர்கள் தங்கள் தளத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படித்த யாரும் அங்கே திருத்தம் அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் மெயின்டெய்னர்ஸ் கோப்பில் ஒவ்வொரு பகுதிக்கும் அதன் நிலை குறித்திருக்கும்: சம்பளத்துக்குப் பார்க்க ஆள் இருக்கிறார், ஆள் இருக்கிறார், நேரம் கிடைத்தால் மட்டும் பார்ப்பார், அனாதை. நம் ஆட்டோகம்ப்ளீட் அனாதை என்றால் அனாதை என்றே எழுதுங்கள். அதைப் பார்த்து யாராவது எடுத்துக்கொள்ள முன்வரலாம். ரஸ்ட் நிரல்மொழித் திட்டத்தில் ஒரு புல் ரெக்வெஸ்ட் ரிவ்யூ செய்பவருக்காகக் காத்திருந்தால் ஒரு லேபிள், எழுதியவருக்காகக் காத்திருந்தால் வேறொரு லேபிள். தாமதம் யாரால் என்று அங்கே யாரும் சண்டை போட வேண்டியதில்லை.

"பிடிக்கவில்லையென்றால் ஃபோர்க் செய்துகொள்ளலாமே" என்று, அதாவது நிரலைப் பிரதியெடுத்துத் தனித் திட்டமாக நடத்திக்கொள்ளலாமே என்று, உங்களில் ஒருவர் முன்பு சொன்னதுண்டு. 2014-ல் விம் என்ற எடிட்டரிலிருந்து நியோவிம் அப்படித்தான் பிறந்தது. பின்னணியில் வேலைகளை ஓடவிடும் ஒரு பெரிய திருத்தத்தை விம் ஏற்றுக்கொள்ளவில்லை, அனுப்பியவர் தனியே பிரித்துக்கொண்டு போனார். 2016-ல் வந்த விம் 8-ல் அதே தேவைக்கான வசதி வேறு வடிவத்தில் வந்தது. இரண்டு எடிட்டர்களும் இன்று நன்றாகவே இருக்கின்றன. ஆனால் அது ஓர் எடிட்டரின் அடிப்படையையே மாற்றும் முயற்சி, அதைச் சுமக்க ஒரு கூட்டமே திரண்டது. கர்சர் எங்கே நிற்கிறது என்ற கணக்கைச் சரிசெய்வதற்காக ஒரு முழு எடிட்டரைப் பிரித்தெடுத்துப் போய் ஆயுளுக்கும் பராமரி என்று ஒருவரிடம் சொல்வது, போய்விடு என்று சொல்வதுதான்.

எங்களுக்குப் போக விருப்பமில்லை. இதை நாள் முழுக்கப் பயன்படுத்துகிறோம், இதில்தான் எங்கள் பிழைப்பு நடக்கிறது. ஒரு நிறுவனம் தீர்மானித்தால் ஓர் எடிட்டர் நின்றுபோகும் என்பதை 2022 டிசம்பர் 15 அன்று ஆட்டம் எடிட்டர் மூடப்பட்டபோது பார்த்தோம். விம்மை 1991-ல் வெளியிட்டு அன்று முதல் முன்னின்று நடத்திய பிராம் மூலெனார் 2023 ஆகஸ்டில் மறைந்தபோது அது நிற்கவில்லை என்பதையும் பார்த்தோம். பல ஆண்டுகள் திருத்தம் அனுப்பி அனுப்பிப் பழகிய பங்களிப்பாளர்கள் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். நமக்குப் பின்னால் பெரிய நிறுவனம் எதுவும் இல்லை. இருப்பது நீங்களும், நீங்கள் சென்ற வாரம் மூடியவர்களும்தான்.

ஆகவே என் கோரிக்கைகள் இவை.

உங்கள் ரிவ்யூவுக்காகக் காத்திருந்த நிலையில் பாட் மூடிய ஆட்டோகம்ப்ளீட் புல் ரெக்வெஸ்டுகளை இந்த வாரமே மீண்டும் திறங்கள். அமைப்புக் கோப்பில் மாற்ற வேண்டிய வரிகளை நானே எழுதித் தரத் தயார். ‘ரிவ்யூவுக்குக் காத்திருக்கிறது’, ‘எழுதியவருக்குக் காத்திருக்கிறது’ என்று இரண்டு லேபிள்கள் வையுங்கள். முதல் லேபிள் உள்ளதைப் பாட் தொடவே கூடாது. இரண்டாவதை மூடினால் எங்களில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

திறந்த பிறகு, நான் மேலே குறிப்பிட்ட திருத்தங்களுக்கு ஒரு மனிதர் பதில் எழுதட்டும். ஏற்பதோ மறுப்பதோ உங்கள் விருப்பம், ஆனால் மறுத்தால் காரணம் வேண்டும். அந்த மாணவியின் திருத்தத்திலிருந்து தொடங்குங்கள். அது சிறியது, படிக்க அதிக நேரம் ஆகாது. ஸ்கிரீன் ரீடர் திருத்தத்தை மறுப்பதாக இருந்தால், அதற்குப் பதிலாக என்ன செய்யப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த நிரலாளருக்கு வேறு வழியில்லை.

ஆட்டோகம்ப்ளீட் பகுதியின் இன்றைய நிலை என்ன என்பதைப் பங்களிப்பு வழிகாட்டியில் இரண்டு வரியில் எழுதுங்கள். யார் பார்க்கிறார், எந்த வகைத் திருத்தங்களை எடுப்பீர்கள், எதை எடுக்க மாட்டீர்கள். யாரும் பார்க்க இல்லையென்றால் அதை எழுதிவிட்டு, முதல்முறை பங்களிப்போருக்கான லேபிளை அந்தப் பகுதியின் இஷ்யூக்களிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நீண்ட காலமாகப் பங்களித்து வருபவர்களில் சிலருக்கு கிட்ஹப்பின் ட்ரியாஜ் உரிமை கொடுங்கள். அதை வைத்து நிரலை மாற்ற முடியாது, மெர்ஜ் செய்ய முடியாது. லேபிள் போடலாம், குப்பையை மூடலாம், பார்க்கத் தகுந்ததை உங்கள் முன் எடுத்து வைக்கலாம். எக்ஸ்இசட் நினைவில் உங்களுக்கு இருக்கும் அச்சம் இதற்குப் பொருந்தாது. நீங்கள் ஒப்புக்கொண்டால் ஆட்டோகம்ப்ளீட் பகுதிக்கு அந்த வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். யுடிஎஃப் திருத்தத்தை எழுதியவரும் சம்மதம் சொல்லியிருக்கிறார்.

இனி பங்களிப்பவர்களைப் பாதிக்கும் எந்த விதியைக் கொண்டுவந்தாலும், நடைமுறைக்கு வருவதற்கு இரண்டு வாரம் முன்பாவது அதை ஓர் இஷ்யூவாகத் திறந்து வையுங்கள். ஆட்சேபம் இருப்பவர்கள் அங்கேயே சொல்லட்டும், முடிவு உங்களுடையதாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆட்டோகம்ப்ளீட் பகுதியின் பங்களிப்பாளர்களில் ஒருவன்